பலகைக்கு இரங்கியவர்கள்

ஓட்டை அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சுடுதளத்தில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். அப்படி மூக்கு நுனியில் இருந்திருந்தால் மூன்று வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வர வேண்டிய நேரத்தில் வராமல், ஒரு திங்கட்கிழமை காலையில் மொத்தமாகச் சேர்ந்து வந்தது.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அவள் வேலையே ஓட்டை எண்ணுவதுதான். விமானம் வந்து சுட்டுவிட்டோ குண்டு போட்டுவிட்டோ போன பிறகு, களத்தில் நட்டிருக்கும் ப்ளைவுட் ஆள்களில் எத்தனை ஓட்டை விழுந்தது என்று எண்ண வேண்டும். டேப் வைத்து அளந்து, படிவத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். சிவப்புச் சாயம் அடித்த பலகை எதிரி. பச்சை அடித்தது நம் சிப்பாய். சிவப்பில் ஓட்டை விழுந்தால் நல்லது, பச்சையில் விழுந்தால் கெட்டது. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாள், வீட்டில் சப்பாத்திக்கட்டையில் கீறல் விழுந்தால்கூட விரல் வைத்து எண்ணும் அளவுக்கு.

அந்த மாதம் கமிட்டி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. தரையில் மாட்டிக்கொண்ட சிப்பாய்க்கு மேலிருந்து கைகொடுக்க எந்த விமானம் தேவலை என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் கமிட்டி. போட்டியில் இரண்டு விமானங்கள்.

ஒன்று பழசு. அதை எல்லோரும் எருமை என்பார்கள். மெதுவாகத்தான் வரும், தாழத்தான் பறக்கும், ஆனால் வந்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தோல் தடிமன், நாலு குண்டு பட்டாலும் அசையாது. விமானி கண்ணால் எட்டிப் பார்த்து, மூக்கில் இருக்கும் பெரிய துப்பாக்கியால் சுடுவார்.

இன்னொன்று புதுசு. பளபளப்பும் மிடுக்குமாக வந்து இறங்கியதிலிருந்து அதைச் சுற்றி நாலு பேர் துடைத்துக்கொண்டும் விசிறிக்கொண்டும் நின்றதால், அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வந்துவிட்டது. எருமைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும் தூரத்துக்கு மாப்பிள்ளை ஆறு நிமிடத்தில் போய்விடும். மேகத்துக்கு மேலேயே இருந்துகொண்டு, கேமராவில் பார்த்து, சின்ன குண்டு ஒன்றைச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். தோளில் வைத்து விடும் ஏவுகணை எதிரியிடம் இருந்தால் எருமை பாடு திண்டாட்டம். மாப்பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. இதெல்லாம் உண்மை. ஓட்டை அக்கா எதையும் மறுக்கவில்லை.

மூன்று வாரச் சோதனை முடிந்து ஒப்பீட்டு அட்டவணை தயாராகிவிட்டது. வந்து சேரும் நேரத்தில் மாப்பிள்ளை. குறி பிசகாததில் மாப்பிள்ளை. விமானிக்கு ஆபத்துக் குறைவிலும் மாப்பிள்ளை. சுற்றி நிற்கும் நேரத்தில் மட்டும் எருமை. கடைசி வரிசை, பச்சைப் பலகையில் விழுந்த ஓட்டை. அதில் எருமைக்கும் பூஜ்யம், மாப்பிள்ளைக்கும் பூஜ்யம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். ஓட்டை அக்கா கையெழுத்துப் போட்டால், அடுத்த மாதம் முதல் தேதியோடு, சண்டை நடக்கும் மலைமேல் இருக்கும் எருமைகள் அத்தனையும் கீழே இறங்கிவிடும்.

அந்த மலைமேல்தான் அவள் தம்பி இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் போன் செய்தான். வாரத்துக்கு ஒரு தடவை, வரிசையில் நின்று, பத்து நிமிடம் பேசுவான். முதல் ஐந்து நிமிடம் அம்மாவின் மூட்டுவலிக்குப் போகும். அன்றைக்கு அம்மாவைக் கேட்கவே இல்லை.

"அக்கா, எருமையை எடுக்கப் போறாங்களாமே, நெஜமா?"

"யாருடா சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. புதுசு ஒண்ணு வருதாம்."

"நல்ல விமானம்தான்டா. நான் மூணு வாரமா பாக்குறேன். குறி தப்பவே மாட்டேங்குது."

 அவன் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னான். எதிரி பாறைக்கு அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். நடுவில் ஐம்பது மீட்டர் இருந்தால் அதிகம். எருமை வந்தது. விமானி வயர்லெஸ்ஸில், "எங்கப்பா இருக்கீங்க, கையை ஆட்டுங்க பார்ப்போம்" என்று கேட்டாராம். இவர்கள் பனியனைக் கழற்றி ஆட்டினார்களாம். "சரி, பாத்துட்டேன், தலையைக் குனிஞ்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, இவர்கள் வரிசைக்கு இணையாக, பக்கவாட்டில் பறந்து சுட்டிருக்கிறார். குண்டு முன்னே பின்னே விழுந்தாலும் பாறையின் நீளத்துக்குத்தான் விழும், இவர்கள் பக்கம் வராது.

"அவர் நம்மளைப் பாக்குறார்க்கா. அது போதும் எங்களுக்கு."

"புதுசும் பாக்கும்டா. கேமரா இருக்கு."

"பக்கத்து முகாம்ல சின்ன குண்டு ஒண்ணு போட்டாங்கல்ல, போன வருஷம்? அதுவும் குறி தப்பல. சரியா பாறை மேலதான் விழுந்துச்சு. ஆனா சில்லு தெறிச்சு நம்ம ஆளுங்க ரெண்டு பேரு போயிட்டாங்க. குள்ளன் அதுலதான போனான்."

குள்ளனை அவளுக்குத் தெரியும். லீவில் தம்பியோடு வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கியவன். சோற்றை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவ வந்து, ஒரு தட்டை உடைத்துவிட்டுப் போனான். எதிரி சுட்டு இறந்தான் என்றுதான் இதுவரை கேள்விப்பட்டிருந்தாள்.

"இங்க அப்படி ஆகலடா. பச்சைப் பலகையில ஒரு ஓட்டைகூட இல்ல. நானே எண்ணினேன்."

"எத்தனை மீட்டர்ல வெச்சீங்க பச்சையை?"

  பதினான்கு வருட வேலையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவளும் யாரையும் கேட்டதில்லை. அதற்குள் பத்து நிமிடம் முடிந்து லைன் கட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் களத்தில் நின்றாள். வழக்கமாக ஜீப்பில் சிவப்புப் பலகை வரைக்கும் போய், எண்ணிவிட்டு, அப்படியே திரும்பிவிடுவாள். பச்சைப் பலகைகளை ஆள்களே பிடுங்கி வண்டியில் ஏற்றி, தச்சுப் பட்டறைக் கூரைக்குக் கீழே வரிசையாக நிறுத்திவைப்பார்கள். அங்கே நிழலில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே எண்ணுவாள். அக்கா வெயிலில் அலைய வேண்டாமே என்று மேஸ்திரி பண்ணிக்கொடுத்த சௌகரியம் அது. பழகிப்போய்விட்டது.

இப்போது சிவப்புப் பலகையிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஐம்பது மீட்டரில் பலகை நடும் குழிகள் இருந்தன. பன்னிரண்டு குழிகள், எல்லாவற்றிலும் புல் முளைத்து மூடிக்கிடந்தது. கையை விட்டுப் பார்த்தாள். ஒரு குழிக்குள் எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மேலே நடந்தாள். நூறு, இருநூறு, முந்நூறு. நானூறு மீட்டரில், ஒரு மண் மேட்டுக்குப் பின்னால், புதிதாகத் தோண்டிய பன்னிரண்டு குழிகள்.

பட்டறையில் மேஸ்திரி இழைப்புளியைத் தட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதை நெருங்கும் தச்சர். எதிரியையும் நம் ஆளையும் ஒரே கையால் அறுத்துக் கொடுப்பவர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர்.

"மேஸ்திரி, பச்சைப் பலகை எங்க நட்டீங்க?"

"எங்க வழக்கமா நடுவோமோ அங்கதாம்மா."

"ஐம்பதுலயா?"

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "அது பழைய இடம்மா. இப்ப தள்ளிப் போட்டாச்சு."

"யார் தள்ளச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இந்த விமானம் மொத நாள் ஒத்திகை பாத்துச்சுல்ல, நீ லீவுல இருந்தியே, அன்னைக்கு ஐம்பதுலதான் நட்டேன். பன்னெண்டும் விறகாப் போச்சு. ஒண்ணுக்காவது முழுசா தலை இல்ல. ப்ளைவுட்டு ஆறு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது. தினமும் பன்னெண்டு பலகை நான் எங்க போறது? அதான் மேட்டுக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சேன். எருமைக்கும் அதே இடந்தான்மா. ஓரவஞ்சனை எல்லாம் பண்ணல."

கடைசி வாக்கியத்தை அவர் பெருமையோடுதான் சொன்னார். அதுதான் அவளைப் பற்றவைத்தது.

"பலகை பாவம்னு தள்ளி வெச்சீங்களா? மரத்துக்கு இரக்கப்பட்டீங்களா? என் தம்பியை யாரு மேஸ்திரி நானூறு மீட்டர் தள்ளி வெப்பாங்க? அவனுக்கு மேடு இருக்கா? அவன் எங்க போவான்?"

அவள் போட்ட சத்தத்தில் பட்டறைக்குள் வேலை நின்றது. மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கே புரிந்தது. புரிந்த பிறகு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்து இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னார்.

"இந்தத் தடவை மட்டும் இல்லம்மா. மூணு வருஷமா இதான் வழக்கம், ஒத்திகையில பலகை விறகாச்சுன்னா தள்ளி நட்டுடுவேன். அந்தச் சின்ன குண்டு சோதனை வந்துச்சுல்ல, அதுலேர்ந்து."

சின்ன குண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் அதே பட்டறை நிழலில் உட்கார்ந்து, பன்னிரண்டு பச்சைப் பலகையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கீறல்கூட இல்லையே என்று சந்தோஷப்பட்டு, பூஜ்யம் என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அந்தக் குண்டுதான் மலைக்குப் போனது. மாப்பிள்ளையின் வயிற்றில் தொங்குவதும் அதே குண்டுதான்.

அவளுக்கு மேஸ்திரியை அறைய வேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாகத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தாள்.

கூட்ட அறையில் நீள மேசை, ஒன்பது நாற்காலி. தலைவருக்கு மட்டும் முதுகு உயர்ந்த, சிவப்புத் தோல் போட்ட நாற்காலி. அவர் பெரிய அதிகாரி, நல்ல மனிதர் என்றுதான் பெயர். யாரையும் கடிந்து பேசமாட்டார், எதையும் தாமதிக்கவும் மாட்டார். அவருக்கு இரண்டு பக்கமும் கமிட்டி உறுப்பினர்கள் ஆறு பேர். கடைசியில் புது விமானத்தைச் செய்த கம்பெனியின் ஆள், அவருக்கு எதிரே ஓட்டை அக்கா. அவள் நாற்காலியில் இடுப்புவலிக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிய பூப்போட்ட மெத்தை.

அட்டவணை மேசையைச் சுற்றி வந்தது. எட்டுப் பேரும் அதைப் பார்த்து முடித்தார்கள். அவள் முறை வந்தது.

"நான் போட மாட்டேன்."

தலைவர் புன்னகை மாறாமல் கேட்டார். "ஏம்மா, கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரி சார். இடம் தப்பு. மூணு வருஷமா பச்சைப் பலகையை நானூறு மீட்டர்ல வெச்சிருக்காங்க. சண்டை நடக்கிறது ஐம்பதுல."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஓர் உறுப்பினர் படிவத்தைப் புரட்டினார். "இதுல தூரம்னு ஒரு கட்டமே இல்லையே. ஓட்டை எத்தனைன்னுதான கேட்டிருக்கு?"

"அதான் சார் கொடுமை. பலகையை வீட்ல வெச்சுப் பூட்டியிருந்தாலும் பூஜ்யம்தான் வந்திருக்கும்."

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். விலை உயர்ந்த சட்டை, தேன் தடவிய குரல். "அம்மா, எங்க குண்டு சொன்ன புள்ளியில விழுது. நீங்களே அளந்திருக்கீங்க. ரெண்டு மீட்டர்கூட விலகல."

"விழுந்த எடத்துலயே குண்டு உக்காந்துக்குமா? வெடிச்சா சில்லு எங்க போகுது? ஐம்பது மீட்டர் வந்ததும் போதும்னு நின்னுடுமா?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. இது தொழில்நுட்பம்."

"எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஓட்டை தெரியும்."

தலைவர் கையை உயர்த்தினார். மறுபடி சோதனை நடத்த மூன்று மாதம் ஆகும், முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். அவள் அசையவில்லை. அவர் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் கூர்மை வந்தது.

"மூணு வருஷமா இதே மாதிரிதான் நடக்குதுன்னு சொல்றீங்க. அப்ப அந்தக் குண்டுக்குப் பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான்."

"அது வெளிய வந்தா உங்க வேலைக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"வேலை போகும். போகட்டும். அன்னைக்குப் போட்டேன், அதனாலதான் இன்னைக்குப் போட மாட்டேன்."

 மதியம் இரண்டரைக்குக் கடைசியாக ஒரு செய்முறைப் பறப்பு, அதன் பிறகு தலைவர் ஊருக்குத் திரும்ப வேண்டும். எருமையும் மாப்பிள்ளையும் கமிட்டியின் கண்முன்னே ஒரு தடவை செய்து காட்டுவதாக ஏற்பாடு.

"சரிம்மா. உங்க திருப்திக்கு இன்னைக்கே ஐம்பதுல வெச்சுப் பாக்கலாம்னு வெச்சுக்குவோம். பலகை இருக்கா?"

பலகை இல்லை. இருந்த பன்னிரண்டும் உளுத்துப்போய், காலையில்தான் மேஸ்திரி பிரித்துப் போட்டிருந்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்புறம் எதை நிறுத்துவீங்க? இந்த நாற்காலியையா?" என்று சொல்லி, தலைவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். மற்றவர்களும் கடமைக்குச் சிரித்துவிட்டுச் சாப்பிட எழுந்துபோனார்கள்.

ஓட்டை அக்கா சிரிக்கவில்லை. எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவளைப் பார்த்துப் பேசுவதற்காக நிற்கிறார் என்று தெரிந்தது.

"வண்டியை எடுங்க மேஸ்திரி."

உள்ளே நடந்த பேச்சை அவரும் கேட்டிருந்தார். உள்ளே போய், முதலில் தலைவரின் சிவப்பு நாற்காலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஐம்பது மீட்டரில், டேப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, புல்லைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒன்பது நாற்காலியையும் பழைய குழிகளின் மேல் வரிசையாகப் போட்டார்கள். கூட்டத்தில் எப்படி இருந்ததோ அதே வரிசை. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், கடைசியில் கம்பெனிக்காரர், இந்தப் பக்கக் கடைசியில் அவளுடைய பூமெத்தை. களத்துக்குச் சிவப்புக் கொடி ஏற்றுபவர் வயர்லெஸ்ஸில் கேட்டார்.

"களத்துல ஆள் யாராவது இருக்கீங்களா?"

"ஆள் யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டோம்" என்றாள். அது சத்தியமான வார்த்தைதான்.

கமிட்டி பார்ப்பதற்கென்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தடித்த கண்ணாடி போட்ட கூடம் இருந்தது. சுவரில் பெரிய திரை. இரண்டரைக்கு எல்லோரும் வயிறு நிறைந்து வந்து நின்றார்கள். திரையில் களம் தெரிந்தது. சிவப்புப் பலகை, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஏதோ வரிசை. ஓர் உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், அது நம்ம நாற்காலி இல்ல?"

தலைவரின் முகம் அவர் நாற்காலியின் நிறத்துக்கு வந்தது. "யார் வேலை இது? நிறுத்துங்க! விமானத்தைத் திரும்பச் சொல்லுங்க!"

"நீங்கதான சார் சொன்னீங்க?" என்றாள் ஓட்டை அக்கா.

திட்டு வந்தது. நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர் வாயிலிருந்து இவ்வளவு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டுப்பாடு, ஒழுங்கு, அரசுப் பொருள், நடவடிக்கை என்று அடுக்கிக்கொண்டே போனார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கொடிக்காரருக்குத் தகவல் சொல்ல ஓர் உறுப்பினர் ஓடவும் செய்தார். அந்த நேரத்தில் கம்பெனிக்காரர்தான் குறுக்கே வந்தார்.

"விடுங்க சார். அம்மா மனசுல சந்தேகத்தோட கையெழுத்துப் போட வேண்டாம். நடக்கட்டும். ஒரு நாற்காலிகூட ஆடாது, நான் பொறுப்பு."

தன் சரக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் இதுவரை அது வெடித்துப் பார்த்ததெல்லாம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சரி என்று கையசைத்தார்.

முதலில் எருமை வந்தது. வந்தது என்றால், வரும் வரும் என்று எல்லோரும் கொட்டாவி விட்ட பிறகு வந்தது. தாழ ஒரு சுற்று சுற்றியது. வயர்லெஸ்ஸில் விமானியின் குரல் கேட்டது.

"பச்சைக்குப் பதிலா என்னமோ நாற்காலி மாதிரி தெரியுதே? சரிதானா?"

சரிதான் என்று கொடிக்காரர் சொன்னார்.

"யாரும் உக்காரலையே? ரொம்பக் கிட்டத்துல இருக்கு. நான் பக்கவாட்டுல வரேன்."

அந்த உயரத்திலிருந்து நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டானே என்று ஓட்டை அக்கா வயர்லெஸ் பக்கமே திரும்பி நின்றாள். எருமை இன்னொரு சுற்று சுற்றி, நாற்காலி வரிசைக்கு இணையாக வந்து சுட்டது. சிவப்புப் பலகைகளில் பாதி சாய்ந்தன, பாதி நின்றன. மண் எழும்பி அடங்கியது. ஒன்பது நாற்காலியும் அப்படியே இருந்தன. அவளே ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு நாற்காலியின் காலில் கல் தெறித்துச் சின்னக் கீறல், அவ்வளவுதான். அதையும் எழுதிக்கொண்டாள். சிவப்பில் பாதி தப்பித்ததையும் எழுதினாள்.

"பாத்தீங்களா, பாதி எதிரி இன்னும் நிக்கிறான்" என்றார் கம்பெனிக்காரர். அதுவும் நியாயமான பேச்சுதான்.

பிறகு மாப்பிள்ளை. வானத்தில் எதுவும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. சிவப்புப் பலகைகளின் நட்ட நடுவில் மண் பிளந்து மேலே போனது. கண்ணாடி அதிர்ந்தது. கம்பெனிக்காரர் கை தட்டினார். "நடு மையம்!" என்றார். உறுப்பினர்களில் இரண்டு பேரும் சேர்ந்து தட்டினார்கள்.

புகை விலக ஒரு நிமிடம் ஆயிற்று. சிவப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. நாற்காலி வரிசை இருந்த இடத்தில் ஒரே ஒரு நாற்காலி நின்றுகொண்டிருந்தது, அதுவும் கம்பெனிக்காரருடையது. மற்ற எட்டும் இல்லை. தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

தலைவர் திரையிடம் நெருங்கிப் போனார். சிவப்புத் தோல் ஒரு துண்டாகப் புல்லில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் நாற்காலிக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கம்பெனிக்காரர் மெதுவாகச் சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

கூட்ட அறைக்குத் திரும்பியபோது அங்கே உட்கார எதுவும் இல்லை. மேஸ்திரி அந்த ஒற்றை நாற்காலியைக் கொண்டுவந்து அதன் இடத்தில் போட்டார். கம்பெனிக்காரர் உட்காரவில்லை. எட்டுப் பேரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருக்க, ஓட்டை அக்கா களத்தில் எண்ணி எழுதிவந்ததைப் படித்தாள். தலைவரின் நாற்காலி, முதுகில் பதினாறு ஓட்டை, இருக்கை இல்லை. அவருக்கு வலப்பக்கம் முதல் நாற்காலி, ஒன்பது ஓட்டை, இரண்டு கால் இல்லை. இரண்டாவது நாற்காலி, எண்ணுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்களுடையது வரும்போது தரையைப் பார்த்தார்கள். கடைசியாகத் தன்னுடையதையும் படித்தாள். மெத்தையில் நாலு ஓட்டை, நாலும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே.

"எனக்கு மாப்பிள்ளை மேல கோபம் இல்ல சார். தூரத்துல இருக்கிற எதிரிக்கு அதை அனுப்புங்க, ஏவுகணை இருக்கிற எடத்துக்கு அனுப்புங்க, நானே கையெழுத்துப் போடறேன். ஐம்பது மீட்டருக்கு எருமைதான். அதை எடுத்துட்டு இதைக் குடுக்காதீங்க. ஃபாரத்துல தூரம்னு ஒரு கட்டம் போடுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின பூஜ்யத்தையும் அடிங்க. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க."

 தலைவர் பேனாவை எடுத்து, நின்றபடியே குனிந்து, அட்டவணையின் ஓரத்தில் ஸ்கேல் இல்லாமல் ஒரு கோணல் கட்டம் போட்டார். அதன் தலையில் தூரம் என்று எழுதினார். எருமைகள் மறு உத்தரவு வரும்வரை மலையிலேயே இருக்கட்டும் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய கோப்பை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வேலை நிலைக்குமா என்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் செய்தான். பின்னால் நாலைந்து பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். சந்தோஷக் கூச்சல்.

"அக்கா! எருமை எங்கயும் போகலையாம்! நீ ஏதோ நாற்காலியெல்லாம் தூக்கிட்டுப் போய் வெச்சியாமே, இங்க மலை முழுக்க அதான் பேச்சு. பசங்க உனக்கு சல்யூட் அடிக்கிறாங்க!"

அவள் அத்தோடு போனை வைத்திருக்கலாம். அம்மாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசியிருக்கலாம். மீதி ஏழு நிமிடம் இருந்தது.

"தம்பி, அந்தச் சின்ன குண்டுக்கும் நான்தான்டா எண்ணினேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி. பச்சையில பூஜ்யம்னு எழுதினேன்."

கூச்சல் அவனுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் எங்கேயோ தள்ளிப் போய் நின்றான்.

"எத்தனை மீட்டர்ல வெச்சிருந்தாங்க அப்போ?"

"நானூறு. எனக்கு அப்ப தெரியாது. நான் கேக்கவே இல்லடா."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மேஸ்திரியைத் திட்டியாகிவிட்டது, கமிட்டியைத் திட்டியாகிவிட்டது, தன்னைத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"குள்ளன் உன் கையால சாப்பிட்டவன்க்கா" என்றான் தம்பி.

பத்து நிமிடம் முடியும்வரை இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.